முழுத்திரைக் கப்பலும் ஸ்க்ரோல் லாக் விளக்கும்

பாம்பனில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் கணினிக்கு இரண்டு வேலைகள் உண்டு. மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மச்சானுக்குப் பகலில் ரசீது தயாரிக்கும். இரவில் எனக்காகக் கப்பல் ஓட்டும். சென்ற மாதம் ஓர் இரவு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுத்திரையில் ஒரு சரக்குக் கப்பலைத் துறைமுகத்துக்குள் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், மதுரைக்குப் போகும் மூட்டைகளுக்கு ரசீது கேட்டு மச்சான் ஐந்து செய்திகள் அனுப்பியிருக்கிறார். கைபேசி கீழே சமையலறையில் சார்ஜில் கிடந்தது. முக்கால் மணி நேரம் கழித்து விளையாட்டை விட்டு வெளியே வந்தபோது, திரையின் அடியில் இருக்கும் பணிப்பட்டையில் உரையாடல் செயலியின் சின்னம் ஆரஞ்சு நிறத்தில் நின்றது. "மாப்பிள்ளை, இங்க வண்டி நிக்குது, நீ அங்க கப்பல் ஓட்டுறியா?" என்பது கடைசிச் செய்தி.

பணிப்பட்டையின் படத்தை வினாடிக்கு ஒருமுறை எடுத்து, ஆரஞ்சு நிறம் தெரிகிறதா என்று பார்க்கும் சிறு நிரல் ஒன்றைத்தான் முதலில் எழுதினேன். விளையாட்டு திரை முழுவதையும் மூடிவிட்ட பிறகு அங்கே பணிப்பட்டை ஏது? எடுத்த படங்களிலெல்லாம் என் கப்பலின் அடிப்பகுதிதான் இருந்தது.

கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. விண்டோஸில் ஒரு நிரல் நம் கவனத்தைக் கேட்க விரும்பினால் ஃபிளாஷ்விண்டோஎக்ஸ் என்ற செயற்கூறை அழைக்கிறது. பின்னணியில் இருக்கும் நிரல் தானாக முன்னால் வர முயன்று விண்டோஸ் அதை மறுக்கும்போதும் பணிப்பட்டையில் அதன் பொத்தான் இப்படியே மினுக்குகிறது. அந்த மினுக்கல் திரைக்கு வருகிறதோ இல்லையோ, அதைப் பற்றிய தகவல் இயங்குதளத்துக்குள்ளே அனுப்பப்படுகிறது. ரெஜிஸ்டர்ஷெல்ஹுக்விண்டோ என்ற செயற்கூறின் மூலம் நம் நிரலின் சாளரத்தையும் பதிந்துவைத்தால், அத்தகவல் நமக்கும் வந்து சேரும். வரும் எண் 32774 என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பொருள். கூடவே அந்தச் சாளரத்தின் அடையாள எண்ணும் வருவதால், அதைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்ட நிரலின் பெயர் வரை போய்விடலாம். ஆட்டோஹாட்கீ என்ற எளிய நிரல்மொழியில் 40 வரிகளுக்குள் இது முடிந்தது. இது பொதுப் பயன்பாட்டுக்கானது அல்ல, பிந்தைய பதிப்புகளில் மாறலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணம் எச்சரிக்கிறது. என் கணினியில் சிக்கலின்றி ஓடுகிறது.

இந்தத் தகவல்களைப் பெற வேறொரு வழியும் இருக்கிறது. செட்விண்டோஸ்ஹுக்எக்ஸ் என்பதைக் கொண்டு எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கொக்கி போட்டு, அவற்றுக்கு வரும் செய்திகளை இடையில் பிடிக்கலாம். ஆனால் அப்போது நாம் எழுதிய டிஎல்எல் என்ற துணை நிரல் கோப்பு மற்ற நிரல்களுக்குள்ளேயும் நுழைகிறது. இணையத்தில் பலரோடு விளையாடும் விளையாட்டுகளில் மோசடித் தடுப்பு நிரல்கள் இப்படி நுழைபவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நான் எடுத்த வழியில் விளையாட்டின் நினைவகத்தை யாரும் தொடுவதில்லை.

அடுத்த கேள்வி, தெரிந்துகொண்டதை எனக்கு எப்படிச் சொல்வது என்பது. ஒலி எழுப்பினால் அது அதே ஹெட்போனில் கப்பலின் இயந்திரச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. திரையின் மேல் ஒரு சிறு கட்டத்தைக் காட்டலாம் என்றால், திரை முழுவதையும் தனக்கே எடுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு அதற்கு இடம் கொடுப்பதில்லை. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் காலத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். இரவில் கூண்டு கண்ணுக்குத் தெரியாது என்பதால் சிவப்பு, வெள்ளை விளக்குகளை வரிசைப்படுத்திக் காட்டுவார்கள். பழைய விசைப்பலகையின் வலது மூலையில் எதற்கும் உதவாமல் கிடந்த ஸ்க்ரோல் லாக் விளக்கு அப்போதுதான் என் கண்ணில் பட்டது. உரையாடல் செயலி கூப்பிட்டால் ஒருமுறை, மின்னஞ்சல் என்றால் இருமுறை, பதிவிறக்கம் முடிந்தால் மும்முறை என்று அது மினுக்கும்படி செய்தேன். ஒரே மினுக்கலுக்குத் தகவல் திரும்பத் திரும்ப வருவதால், ஒரு சாளரத்தை 30 வினாடிகளுக்கு ஒருமுறை மட்டும் கணக்கில் கொள்ளும்படி ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. முழுத்திரையில் இல்லாதபோது விளக்கு சும்மா இருக்க, விண்டோஸ் விஸ்டா பதிப்பிலிருந்து இருக்கும் எஸ்எச்க்வெரியூசர்நோட்டிஃபிகேஷன்ஸ்டேட் என்ற செயற்கூறை, அந்த நீளப் பெயர்காரரைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் 2 அல்லது 3 என்று, அதாவது முழுத்திரையில் ஏதோ ஓடுகிறது என்று, பதில் சொன்னால் மட்டுமே விளக்கு எரியும்.

பொத்தானை மினுக்காமல் திரையோரத்தில் அறிவிப்புச் சீட்டு மட்டும் நீட்டும் செயலிகள் இந்த வலையில் சிக்கமாட்டா. அவற்றைப் படிக்க விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் பயனரின் அனுமதியோடு இயங்கும் தனி வழி ஒன்று உண்டு. எனக்கு மச்சானின் செய்தி வந்தால் போதும் என்பதால் அதைத் தொடவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பிறகு தெரியவந்தது. ஸ்க்ரோல் லாக் எதற்கும் உதவாது என்று நான் எழுதியது தவறு. எக்செல் அதை மறக்கவில்லை. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தபோதே ஓர் இரவு நான் என் நிரலை மூடிவிட, விசை அழுத்தப்பட்ட நிலையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை ரசீது போட வந்த மச்சான் அம்புக்குறியை அழுத்த, கட்டம் நகராமல் தாள் முழுவதும் நகர்ந்தது. "கம்ப்யூட்டருக்கு என்னடா ஆச்சு?" என்று கீழேயிருந்த என்னைக் கூப்பிட்டார். நிரல் மூடும்போது விளக்கை அணைத்துவிட்டே போக வேண்டும் என்ற வரியை அவர் பக்கத்தில் நின்றபடியே சேர்த்தேன்.