மூளைப் பாடத்தை எப்படிப் படித்தேன்: முதல் வருட எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு

இரண்டாவது இன்டர்னல் தேர்வில் எனக்கு நியூரோ அனாடமி (மூளை, நரம்புகளின் உடற்கூறு) வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மேசையில் ஸ்டீல் தட்டு, அதில் ஃபார்மலினில் ஊறிய ஒரு மூளை. பேராசிரியர் மூளைக்கு ரத்தம் தரும் மிடில் செரிப்ரல் ஆர்ட்டரியின் கிளைகளைக் கேட்டார். இரவெல்லாம் உருப்போட்டிருந்ததால் வரிசையாக ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "சரி, இடது பக்கம் இது அடைபட்டால் நோயாளிக்கு என்ன ஆகும்? கை அதிகம் போகுமா, கால் அதிகம் போகுமா?" என்றார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அந்த இன்டர்னலில் தேறவில்லை.

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தது. நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் இழுத்தாலும் சில மாதங்களில் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டார். கைதான் திரும்பவே இல்லை. பேச்சும் போய், எதைக் கேட்டாலும் "அது... அது..." என்று மட்டும் வந்தது. "கால் சரியாச்சே, கை மட்டும் ஏன் வரலை?" என்று அத்தை கேட்காத நாள் இல்லை.

வைவாவில் தோற்ற அன்று ராத்திரி விடுதியில் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துப் படித்தேன். வைல்டர் பென்ஃபீல்டு மான்ட்ரியலில் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியில் லேசான மின்சாரம் செலுத்தி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று குறித்தார். அந்தப் படத்தில் முகமும் கையும் மூளையின் வெளிப்பக்கத்தில் இருக்கின்றன. கால் மட்டும் மேல் விளிம்பைத் தாண்டி, இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள பிளவுக்குள் தொங்குகிறது. வெளிப்பக்கத்துக்கு ரத்தம் தருவது மிடில் செரிப்ரல் ஆர்ட்டரி, உள்பக்கத்துக்கு ஆன்டீரியர் செரிப்ரல் ஆர்ட்டரி. முதலாவது அடைபட்டால் முகமும் கையும் அதிகம் பாதிக்கும், கால் ஓரளவு தப்பிக்கும். அத்தையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன். எந்த அமைப்பைப் படித்தாலும், "இந்த இடம் கெட்டால் அந்த மனிதர் எதை இழப்பார்?" என்பதுதான் முதல் கேள்வி. அமைப்பு, வேலை, நோய் என மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்தால் மூன்று மடங்கு மனப்பாடம்தான் மிஞ்சும். ஒரு நோயாளியின் மேல் ஏற்றிப் படித்தால் மூன்றும் ஒன்றாகவே வந்துவிடும்.

பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த ஒரு நோயாளிக்கு "டான்" என்ற சொல்லைத் தவிர வேறு பேச்சு கிட்டத்தட்ட வரவே இல்லை. ஆனால் பிறர் பேசுவது புரிந்தது. அவர் இறந்த பிறகு பார்த்தபோது, இடது ஃப்ரன்டல் லோபில் (மூளையின் முன்பகுதி) சேதம் இருந்தது. 1874-ல் கார்ல் வெர்னிக்கி இதற்கு நேர்மாறானவர்களை விவரித்தார்: சரளமாகப் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, கேட்பதும் புரியாது. அங்கே சேதம் டெம்போரல் லோபின் (காதுப் பக்கம் உள்ள பகுதி) பின்பகுதியில். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். மூன்று வருடமாக வீட்டில் எல்லோரும் அப்பத்தாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்து, அவர் முன்னாலேயே எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அதெல்லாம் புரிந்திருக்கிறது.

சரி, படிக்கும் வேலைக்கு வருகிறேன். கையை முஷ்டியாக மடக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். கட்டைவிரல்தான் டெம்போரல் லோப். அதற்கும் மற்ற விரல்களுக்கும் இடையே உள்ள இடுக்கு சில்வியன் பிளவு, மிடில் செரிப்ரல் ஆர்ட்டரி அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. இரண்டு முஷ்டிகளைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய மூளையின் அளவு. எடை 1.3 முதல் 1.4 கிலோ வரை. உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடலின் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ரத்தம் சில நிமிடம் நின்றாலே செல்கள் சாகத் தொடங்குவது இதனால்தான். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்பத்தாவுக்கு ராத்திரி வாய் கோணியது. விடியட்டும் என்று காத்திருந்தோம்.

மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளான வென்ட்ரிக்கிள்கள் பலருக்குக் குழப்பம். எனக்கு எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனம் கைகொடுத்தது. இரண்டு பக்கவாட்டு வென்ட்ரிக்கிள்கள் மேல் கண்மாய்கள். அங்கிருந்து மூன்றாவது வென்ட்ரிக்கிளுக்கு நீர் இறங்கி, ஒரு குறுகிய மடை வழியாக நான்காவதற்குப் போய், அப்புறம் வெளியே மூளையைச் சுற்றிப் பரவுகிறது. ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் திரவம் சுமார் 150 மில்லி, ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லி. நடுவில் உள்ள அந்த மடை அடைபட்டால் மேலே இருக்கும் மூன்றும் வீங்கும், நான்காவது வீங்காது. இது புரிந்துவிட்டால், இந்தத் திரவம் தேங்கும் நோயான ஹைட்ரோகெபாலஸ் பற்றி ஒரு பக்கம் தானாக எழுதலாம். குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாததால் தலை பெரிதாகிறது, பெரியவர்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வருகின்றன.

மூளையிலிருந்து நேராக வரும் கிரேனியல் நரம்புகள் பன்னிரண்டையும் அறைத்தோழர் மேல் சோதித்துப் படியுங்கள். முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்புக்கு, "நெற்றியைச் சுருக்கு, கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டு" என்று சொல்லுங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். நரம்பே பாதிக்கப்பட்ட முகவாதத்தில் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. இது வைவாவில் கட்டாயம் வரும், பின்னாளில் வார்டிலும் தினமும் தேவைப்படும்.

நோய்களுக்குத் தனி நோட்டு போட்டேன், ஒரு நோய்க்கு ஒரு பக்கம். பார்க்கின்சன் பக்கத்தில் நடுமூளையின் குறுக்குவெட்டை வரைந்து, அங்குள்ள கறுப்புப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவைக் கறுப்பு மையால் நிரப்பி, பக்கத்திலேயே வெளிறிய இன்னொன்றை வரைந்தேன். டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்தால் அந்தக் கறுப்பே மங்கிவிடுகிறது. நினைவு பற்றிய பக்கத்தில் ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953-ல் அறுவை செய்து, நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை இரு பக்கமும் அகற்றினார்கள். 2008-ல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதுவும் கிட்டத்தட்ட அவர் மனதில் தங்கவில்லை, சிறுவயது நினைவுகள் இருந்தன. அல்சைமரும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் தொடங்குகிறது. காலையில் சாப்பிட்டதை மறக்கும் தாத்தா, தன் கல்யாணத்தைக் கதை கதையாகச் சொல்வது இதனால்தான்.

வலிப்புக்கான பக்கத்தில், இரும்புச் சாவியைக் கையில் திணிக்கும் பழக்கத்தையும் எழுதி வைத்தேன். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போகிறது. வாயில் எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன். முகுளம், சிறுமூளை, மூளை உறைகள் எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே படித்தவைதான், பெயர்தான் மாறியிருக்கிறது. தமிழில் யோசித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆங்கிலப் பெயர்களை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வைவாவில் வாய் திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உச்சரிப்பு பயம், அறிவுக் குறைவு இல்லை.

ஸ்பாட்டர்ஸில் (குறித்து வைத்த பகுதியைப் பார்த்துப் பெயர் சொல்லும் தேர்வு) மணி அடித்ததும் ஊசி குத்திய இடத்தைப் பார்த்துத் திகைக்காதீர்கள். முதலில் முன் எது, பின் எது என்று பாருங்கள். சிறுமூளை இருக்கும் பக்கம் பின்புறம். நடுவில் வெட்டிய மாதிரி என்றால் இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் வளைவைக் கண்டுபிடியுங்கள், மற்றவை பெரும்பாலும் அதற்குக் கீழே அடுக்காக வரும். தினமும் ஒரு குறுக்குவெட்டைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து, பிறகு திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். எனக்கு நாற்பது நாள் பிடித்தது. யுனிவர்சிட்டி எக்ஸாமில் எந்தப் படத்துக்கும் கை நிற்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அத்தையை உட்கார வைத்து, முஷ்டியைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். இப்போது யாரும் அப்பத்தாவிடம் கத்திப் பேசுவதில்லை. "காபியா, டீயா?" என்று இரண்டு டம்ளரையும் காட்டிக் கேட்கிறார்கள். அவர் இடது கையால் தொட்டுக் காட்டுகிறார்.