பல் தாவிய செயினும் மாத்தூர் தொட்டிப்பாலமும்

நாகர்கோவிலிலிருந்து, ஆற்றுக்கு மேலே தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் வரை சைக்கிளில் போய் வர வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. மே கடைசியில் கிளம்பியதுதான் முதல் முயற்சி, வில்லுக்குறி தாண்டியதுமே முடிந்துவிட்டது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது 'டக்' என்று பெடல் பிடிப்பில்லாமல் கீழே போனது, முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. நாலு மிதிக்கு ஒரு முறை இப்படியே செயின் பல் தாவினால் எப்படி ஏறுவது? உருட்டிக்கொண்டு திரும்பினேன்.

சுசீந்திரம், தேரூர் என்று வயலும் குளமுமாகச் சுற்றும்போது இந்தக் கோளாறு தெரியவே இல்லை. அந்தப் பக்கம் சமதரை, கால் அழுந்த வேண்டிய வேலை கிடையாது. தக்கலை ரோட்டில் ஏற ஆரம்பித்தால்தான் சைக்கிளின் வண்டவாளம் வெளியே வரும்.

முதலில் கியர் கேபிள்தான் தளர்ந்திருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் அதையே திருகிக்கொண்டிருந்தேன். பலன் இல்லை. அப்புறம்தான் செயினை அளந்து பார்த்தேன். இந்தச் சோதனை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை அரை இஞ்ச். அப்படியானால் 24 இடைவெளிக்குச் சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். 16இல் ஒரு பங்கு இஞ்ச் கூடினாலே செயினை மாற்றிவிடலாம். எனக்கு எட்டில் ஒரு பங்குக்கும் மேலே போயிருந்தது. செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு பின்னும் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது.

காரணம் நான்தான். சாயங்காலம் தோறும் மணக்குடி, பள்ளம், சங்குத்துறை என்று கடலோரமாகவே போவேன். உப்புக்காற்றில் துரு பிடிக்கக் கூடாது என்று செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டேன். அந்த எண்ணெயில் கடல்மணல் ஒட்டி, அரம் வைத்து ராவுவது போல உள்ளே ராவியிருக்கிறது.

புதுச் செயின் வாங்கி நானே மாட்டினேன். தாவல் இன்னும் மோசமானது! மூன்றாவது, நான்காவது கியரில்தான் தாவியது, ஏற்றத்துக்கான பெரிய பல்சக்கரத்தில் தாவவே இல்லை. வடசேரிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மக்கா, செயினை மட்டும் மாத்துனா சரியாவுமா? பல்லைப் பாரு, சுறா பல்லு மாதிரி சாஞ்சிருக்கு" என்றார். நான் அதிகம் ஓட்டிய இரண்டு பல்சக்கரங்களில் மட்டும் பற்களின் ஒரு பக்கம் குழிந்து கூராகியிருந்தது. பழைய செயினும் அந்தப் பற்களும் சேர்ந்தே தேய்ந்தவை. புதுச் செயினின் அரை இஞ்சுக்கு அந்தக் குழி பொருந்தாமல், செயின் பல்லின் மேலேறித் தாவுகிறது.

பின்சக்கரத்தின் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த பிரீவீலைக் கழற்றியதுதான் பார்க்க வேண்டிய வேலை. மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது, எத்தனை மாத மிதியோ அதில் ஏறியிருந்தது. சாதாரண ஸ்பேனருக்கு அசையவில்லை. அண்ணாச்சி பிரீவீலைக் கழற்றும் கருவியான புல்லரை, மேசையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கி, அதன் மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, பஸ் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல டயரை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். ஒரே ஒரு 'கிரீக்', உடனே விட்டுவிட்டது. புதியதை மாட்டும் முன் மரையில் நிறைய கிரீஸ் வைத்தார். அடுத்த தடவை கழற்றுகிறவன் கஷ்டப்படக் கூடாதாம். அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஜூலையில் சோதித்துப் பார்க்க ஆரல்வாய்மொழிதான் சரியான இடம். தென்மேற்குப் பருவக் காற்று தள்ளிக்கொண்டே போய் விட்டுவிடும், திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அறையும். தோவாளை வரை முழு பலத்தில் மிதித்தேன். ஒரு தாவல்கூட இல்லை.

இப்போது கடலோரம் போய் வந்தால் அன்றைக்கே பழைய துணியால் செயினைத் துடைக்கிறேன். செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, வெளியே கசிந்ததை மறுபடி துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேண்டியது பின்னுக்குத்தான், வெளித்தகட்டுக்கு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலை, திருவட்டாறு வழியாக மாத்தூர் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளைப் பூட்டிவிட்டுத் தொட்டிப்பாலத்தில் நடந்தேன். 1966இல் கட்டியது, 115 அடி உயரம். கீழே பறளியாறு. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் போகும் தொட்டியை ஒட்டி நடக்கையில் கால் நடுங்கியது, உயரத்தாலா ஏற்றம் மிதித்த களைப்பாலா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் வலது பெடலில் மட்டும் சுற்றுக்கு ஒரு 'கிரீச்'. பெடல் பால்ஸா, நடு ஆக்ஸிலா என்று இந்த வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும்.