உங்களுக்கு ஆகிவிட்டது சார், பான் கார்டுக்கு ஆகவில்லை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாரின் வருமான வரி ரீஃபண்ட் அவருடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தும் ஆயிற்று. வரி ஆலோசகராக நான் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த விவகாரத்தில் அவரிடம் சொன்ன ஒரு வாக்கியத்தையும், அதைத் தொடர்ந்து கொடுத்த ஆலோசனையையும் வேறு வேலைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புதியதல்ல. ஆதாருடன் இணைக்கப்படாத பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாகிவிட்டது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று, செயலற்ற பான் எண்ணை எழுதி வங்கிக்குக் கொடுத்த 15எச் படிவம் செல்லாது என்பதால், வரியே கட்ட வேண்டியிராத அவருடைய வைப்புத்தொகை வட்டியில் வங்கி 20 சதவீதம் பிடித்துவிட்டது. முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். கணக்குத் தாக்கல் செய்தோம். ஆதார் ஓடிபி மூலம் அதை உறுதிசெய்ய வழியில்லாததால், ஒப்புகைத் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கி விரைவு அஞ்சலில் பெங்களூருக்கு அனுப்பினேன். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிடித்த வரி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று வருமான வரித் துறையின் 143(1) அறிவிப்பும் வந்தது. ஆக, அவர் சொன்ன வருமானமும் சரி, கேட்ட தொகையும் சரி என்று துறையே ஒப்புக்கொண்டுவிட்டது. பணம் மட்டும் வரவில்லை, பான் செயல்படவில்லை என்ற காரணத்தால். வருமானத்தை அறிவிக்க அவருடைய கையெழுத்து போதுமானதாக இருந்தது. பணத்தைத் திரும்பப் பெற அது போதவில்லை. இப்படி நிற்கும் காலத்துக்கு மாதம் அரை சதவீத வட்டியும் கிடையாது என்று வருமான வரி விதி 114ஏஏஏ சொன்னது.

ஆதார் இணைப்புக்கு அவர் வீட்டில் முன்பே முயன்றிருக்கிறார்கள். நிராகரிப்புச் செய்தி சென்னையில் இருக்கும் மகனுடைய செல்பேசிக்குப் போய், அங்கேயே படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. தாமதக் கட்டணம் 1,000 ரூபாயைக் கட்டிவிட்டு நான் மறுபடி முயன்றபோது திரையில் அதே சிவப்பு வரி வந்தது: விவரங்கள் பொருந்தவில்லை. பெயர் பெரிய சிக்கல் இல்லை. பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருந்தது, ஆதாரில் வெறும் இனிஷியலாக இருந்தது; நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இருக்கிற தொல்லைதான், அதற்கு மருந்து உண்டு. ஆனால் பிறந்த தேதி இம்மியும் மாறக்கூடாது. அவருடைய பானில் 1946 ஜூன் என்று இருந்தது. ஆதாரில் 1944 ஏப்ரல்.

எது சரி சார் என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. "சரியானது ஆதாரில் இருக்கிறது, செல்லுபடியானது பானில் இருக்கிறது" என்றார். பிறகு விளக்கினார். தாரண வருடம், அதாவது 1944, சித்திரையில் பிறந்தவர். ஜாதகம் இருக்கிறது. வீட்டில் யாரும் அவரைப் பள்ளிக்கு அழைத்துப் போக நேரம் ஒதுக்காமல் ஏழு வயது வரை மாடு கன்றோடு திரிந்திருக்கிறார். ஒரு வழியாகச் சேர்த்தபோது, ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது என்பதால் வாத்தியார் அதற்கேற்ற ஒரு ஜூன் தேதியை எழுதிவிட்டார். அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு வந்து, பணிப் பதிவேட்டுக்கு வந்து, பென்ஷன் ஆணைக்கு வந்து, கடைசியில் பான் அட்டைக்கும் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினார். "கை எட்டினால் ஐந்து வயது, ஒரு ஜூன் தேதி. நானே எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை அம்மா." என் அலமாரியிலுள்ள கோப்புகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தால், மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும்தான் இந்த மாவட்டத்தில் குழந்தைகள் பிறந்தன என்று தோன்றும்.

ஆதார் முகாம் வந்தபோது அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. முகாமில் இருந்த பையன் பிறந்த தேதி என்ன என்று கேட்டிருக்கிறான். சான்று கேட்கவில்லை. இவரும் யோசிக்காமல், அம்மா சொல்லித் தெரிந்த தேதியைச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எண்பது வயதை எட்டியவர்களுக்கு இந்த இணைப்பே வேண்டாம் என்று விலக்கு இருக்கிறதாமே, எனக்குத்தான் சித்திரையில் எண்பது முடிந்துவிட்டதே என்றார். விலக்கு இருப்பது உண்மை. 2017இல் வந்த அறிவிக்கையில், எண்பது வயதுக்காரர்களையும் அஸ்ஸாம், மேகாலயா, ஜம்மு காஷ்மீர் வாசிகளையும், இந்தியக் குடியுரிமை இல்லாதவர்களையும், வரிச் சட்டப்படி வெளிநாட்டு வாசிகளாகக் கருதப்படுபவர்களையும் பான்-ஆதார் இணைப்பைக் கட்டாயமாக்கிய 139ஏஏ பிரிவிலிருந்து விலக்கியிருந்தார்கள். நான் சொன்னேன்: "உங்களுக்கு ஆகிவிட்டது சார், உங்கள் பான் கார்டுக்கு ஆகவில்லை."

பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். பதில் தவறில்லை, சட்டம் பார்ப்பது பானில் உள்ள தேதியைத்தான், ஜாதகத்தை அல்ல. ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் விளக்கியும் விட்டேன். ஆனால் அந்த வாக்கியம் அவர் வாயை அடைத்தது என்பதையும் பார்த்தேன். அதன் பிறகு அவர் கேள்வியாக எதையும் கேட்கவில்லை. நான் சொன்னவற்றுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பானை ஆதாருக்கு ஏற்ப 1944 என்று திருத்துவது. இது முடியாத காரியம் அல்ல. ஆதாரையே சான்றாக வைத்து அப்போது விண்ணப்பிக்க முடிந்தது. மற்றொன்று, ஆதாரை 1946க்குத் திருத்துவது. நடுவே, எதையும் திருத்தாமல் இணைக்க முடியுமா என்று, விரல்ரேகை வைத்துச் சரிபார்க்கும் மையத்தையும் முயன்று பார்த்தோம். கருவியின் கண்ணாடியில் ஒவ்வொரு விரலாக வைத்து, துணியால் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தும் ரேகை எழவில்லை. அந்த வயதில் பலருக்கு எழுவதில்லை. ஆகவே இரண்டில் ஒன்று.

நான் இரண்டாவதைச் சொன்னேன். காரணங்களைத் தெளிவாக அடுக்கினேன். பென்ஷன், கருவூலம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், வங்கி எல்லாம் 1946இல் நிற்கின்றன. ஒற்றை ஆதார் மட்டும்தான் 1944இல் நிற்கிறது. ஒன்றை மாற்றுவது நான்கை மாற்றுவதைவிட எளிது. இந்தக் காரணத்தை இன்றும் யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. "பானில் 1944 என்று போய்விட்டால், இரண்டு வருடம் அதிகமாகச் சர்வீஸில் இருந்திருக்கிறீர்களே என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் சார்?" என்றும் கேட்டேன்.

உண்மையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் பான் திருத்தத்தை எந்தக் கருவூல அதிகாரி எடுத்துப் பார்க்கப் போகிறார்? அது எனக்கு அப்போதும் தெரியும். கேட்கமாட்டார்கள் என்று உத்தரவாதம் கொடுக்கவும் முடியாது என்பதும் தெரியும். கட்சிக்காரரிடம் மோசமான விளைவையும் சொல்லிவிடுவது ஆலோசகரின் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொன்ன தொனி கடமையின் தொனிதானா, சீக்கிரம் கையெழுத்து வாங்கிக் கோப்பை நகர்த்த வேண்டும் என்ற அவசரத்தின் தொனியா என்பதில்தான் சிக்குகிறேன். அவர் முகம் சட்டென்று மாறியது. அந்த இரண்டு வருடச் சம்பளத்தையும், கல்வியாண்டு முடியும்வரை கிடைத்த மறுநியமனத்தையும் அவர் மறந்தவர் அல்ல. "அந்தத் தேதி எனக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் அம்மா, என் வாழ்நாளில் ஒரே ஓர் அரசாங்கத் தாளில்தான் நிஜத் தேதி ஏறியிருக்கிறது. அதைத்தான் மாற்றச் சொல்கிறீர்கள்" என்றார்.

பதில் சொல்லவில்லை. விண்ணப்பத்தை அச்செடுக்கக் கொடுத்தேன்.

எனக்குச் சாதகமாகவும் வாதம் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. பள்ளிப் பதிவின் தேதிதான் பணிக்கும் பென்ஷனுக்கும் அடிப்படை. அதன்படி நடப்பது பொய் ஆகாது. பதிவுத் தேதியால் வந்த பலன்களை அனுபவித்துவிட்டு, விலக்குக்காக மட்டும் ஜாதகத் தேதியைக் கையில் எடுப்பதுதான் முறைகேடாக இருக்கும் என்று ஒரு சக ஆலோசகர் சொன்னார். ஏறக்குறைய ஒத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், அவர் ஆதாரில் 1944 என்று சொன்னபோது எந்தப் பலனையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. 139ஏஏ பிரிவே அப்போது சட்டத்தில் இல்லை. மேலும், விலக்கு கிடைத்திருந்தாலும் இந்த ரீஃபண்டுக்கு அது உதவியிருக்காது. நிலுவையில் இருந்த நிதியாண்டில் ஜாதகப்படியும் அவருக்கு எண்பது ஆகியிருக்கவில்லை. அன்று இதையும் அவரிடம் சொல்லியிருந்தால் அந்த நகைச்சுவைக்குத் தேவையே இருந்திருக்காது. நீளமான உண்மையைவிடச் சுருக்கமான உண்மை கைக்கு அருகில் இருந்தது, அவ்வளவுதான்.

சரிபார்ப்பு என்ற பெயரில் நாங்கள் அன்றாடம் செய்வது இரண்டு தாள்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்வது. தாளும் ஆளும் ஒத்துப்போகின்றனவா என்று எந்தக் கணினியும் கேட்பதில்லை. அதைக் கேட்க அதற்கு வழியுமில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். கோடிக்கணக்கான கணக்குகளில், ஒரே ஆள் பல பான்களை வைத்துக்கொண்டு ரீஃபண்ட் வாங்கியதெல்லாம் இதனால்தான் நின்றிருக்கும். ஆனால் என் மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவர் மோசடிக்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியும், துறைக்கும் அவருடைய கணக்கு சரி என்று தெரியும். அவரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது அவர் சொன்ன பொய்யல்ல, அவர் சொன்ன உண்மை.

ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்றலாம். அந்த ஒரு முறையை இதற்குச் செலவழித்தோம். இணைப்பு ஏறியது, பான் உயிர்பெற்றது, ரீஃபண்டை மறுபடி அனுப்பக் கோரினேன், பணம் வந்தது. இடையில் தை மாதம் அவருடைய பிள்ளைகள் அவருக்குத் திருக்கடையூரில் எண்பது நிறைந்ததற்கான சதாபிஷேகம் செய்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது. அதில் தாரண வருடம் சித்திரை மாதம் என்று நட்சத்திரத்தோடு அச்சிட்டிருந்தார்கள். போயிருந்தேன். பிரசாதம் கொடுக்கும்போது, "கோயிலில் ஆதார் கேட்கவில்லை அம்மா" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதா, என் பழைய வாக்கியத்துக்குப் பதிலா என்று இப்போதும் தீர்மானிக்க முடியவில்லை. பதிலாக இருந்தால் அது நியாயமான பதில்; வேடிக்கையாக இருந்தால் நான் வீணாகக் குமைந்துகொண்டிருக்கிறேன்.

பதிவேட்டுப்படி அவருக்கு 2026 ஜூனில்தான் எண்பது. எண்பது வயதுக்கான கூடுதல் பென்ஷன் 20 சதவீதமும் அப்போதிலிருந்துதான். முன்னே இரண்டு வருடம் கொடுத்த தேதி, பின்னே இரண்டு வருடம் எடுத்துக்கொள்கிறது, கணக்கு நேராகிவிட்டது என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். அவர் தணிக்கைத் துறையில் இருப்பவர், அவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு.

இதே சிக்கலோடு இப்போதும் வாரத்துக்கு யாராவது ஒருவர் வருகிறார். எது நிஜமான தேதி என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். எந்தத் தேதியில் அதிக ஆவணங்கள் இருக்கின்றன என்று மட்டும் கேட்கிறேன். வேலை முன்னைவிடச் சீக்கிரம் முடிகிறது, ரீஃபண்டும் சீக்கிரம் வருகிறது; யாரும் என்னிடம் காதைத் தொட்டுக் காட்டுவதில்லை.