பவுத்திரம்: நூல் கட்டியதிலிருந்து

ஜூன் 9
காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர். இரண்டு வருடமாக மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவியிருக்கிறார். நடுவில் ஒருமுறை சீழ்க்கட்டியைக் கீறியும் இருக்கிறார்கள். ஆசனவாயிலிருந்து மூன்று விரல் தள்ளி, பின்பக்கம் இடப்புறமாக ஒரு துளை, அழுத்தினால் சீழ். மூலம் இப்படி வராது. வீங்கும், உடையும், அடங்கும், மறுபடி வீங்கும் என்றால் பவுத்திரம்தான்; அதாவது ஆசனவாயின் உள்ளிருந்து வெளித்தோல் வரை சீழ் குடைந்த பாதை. தொண்டியார்பேட்டைச் சுவர்களில் இரண்டையும் ஒரே வரியில் அச்சடித்து நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அதை நம்பி வருடக்கணக்கில் சீழோடு அலைபவர்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

ஜூன் 12
எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. பாதை ஆசனவாய்க்குள் தொடங்கும் உள்துளை நடுப்பின்புறம், கடிகார முகமாக நினைத்தால் ஆறு மணி இடத்தில். பாதை, மலத்தை அடக்கும் வெளிச் சுருக்குத் தசையின் பாதி உயரத்தில் குறுக்கே போகிறது. பக்கத்துக் கொழுப்பில் ஒரு கிளை. முதல்முறை கீறியபோது விட்டுப்போனது இதுவாக இருக்கலாம்.

தசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிக்கியிருந்தால் பாதையைப் பிளந்து போடக் கூடாது. பிளந்தால் ஆறும், ஆனால் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகலாம். பெண்களுக்கு முன்பக்கத் தசை குட்டை என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

ஜூன் 16
முதல் கட்டம். வெளித்துளையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சமாகச் செலுத்தினோம்; உள்துளையில் நுரை கட்டியது. பாதையைத் தேட விடும் கம்பி தானாக வழுக்கிப் போக வேண்டும். தள்ளினால் பொய்ப்பாதை உண்டாகும். அப்புறம் உண்மையான உள்துளை உள்ளேயே நின்றுவிடும், நோயும் திரும்பும். கிளையைத் திறந்து சுரண்டினோம். சதையில் ஒரு பகுதி பயாப்சிக்கு, ஒரு பகுதி காசநோய்ச் சோதனைக்கு. காசநோயாக இருந்தால் ஆறு மாத மாத்திரை இல்லாமல் எந்த ஆபரேஷனும் ஆறாது.

பாதை வழியாகச் சிலிகோன் நூலைத் தளர்வாகக் கட்டினோம். "சார், இந்தக் கயிறு எதையும் அறுக்குமா?" என்று கேட்டார். அறுக்காது. கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் பூசிய ஆயுர்வேத நூல்தான் வாராவாரம் மாற்ற மாற்ற மெல்ல அறுக்கும். இந்த நூல் சீழ் வடிய வழியைத் திறந்து வைக்கும், அவ்வளவே.

ஜூன் 18
வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார வேண்டும், மலம் கழித்ததும் கட்டாயம். லாரித் தண்ணீரை நம்பும் வீட்டில் ஒரு பேசின் போதும். டெட்டால் வேண்டாம், புண் எரியும். இசப்கோல் குடித்தால் கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். இல்லையென்றால் மலம் இன்னும் இறுகும்.

ஆகஸ்ட் 18
ஒன்பது வாரம். காசநோய் இல்லை, கிளை மூடிவிட்டது, பாதை கயிறுபோல் திடமாகியிருக்கிறது. காத்திருந்தது இதற்குத்தான். தளதளவென்ற பாதை கட்டும்போதே கிழியும்.

இன்று லிஃப்ட் (LIFT), தசையை அறுக்காமல் பாதையை நடுவில் கட்டித் துண்டிக்கும் ஆபரேஷன். தாய்லாந்தின் அருண் ரோஜனாசகுல் 2007-இல் வெளியிட்ட முறை. உள், வெளித் தசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் சின்னதாக வெட்டி, பாதையைச் சுற்றிலும் பிரித்தெடுத்து, உள்தசையை ஒட்டி தானாகக் கரையும் விக்ரில் நூலால் கட்டி, வெளிப்பக்கமும் கட்டி, நடுத்துண்டை எடுத்துவிட்டோம். வெளித்துளை வழியாக சலைன் செலுத்திப் பார்த்தோம், கசியவில்லை. பிறகு வெளித்துளையைச் சுரண்டித் திறந்தே விட்டோம். தசை ஒரு நாரும் அறுபடவில்லை.

செப்டம்பர் 1
வெளித்துளை சுருங்குகிறது. நடுப்பள்ளத்துக் காயத்தில் லேசான நீர்க்கசிவு. அங்கே மட்டும் துளை நின்றுவிட்டால், அது வெளித்தசையைத் தொடாத எளிய பவுத்திரம், அப்போது பிளந்துவிடலாம். இப்போதைக்கு ஐஸ் பெட்டி தூக்கக் கூடாது. காய்ச்சலோ துடிக்கும் வலியோ வந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறோம்.