கத்தரிக்கு முன்னால் வெந்தயம்

மார்ச் கடைசியில் ரொறன்ரோவில் ஏதோ ஒரு நாள் திடீரென்று 15 பாகை வெய்யில் எறிக்கும். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிச் சனம் பின்வளவில்தான் நிற்கும். ஒருவர் போன வருசத்துக் காய்ந்த புடலங்கொடியைப் பந்தலில் இருந்து பிய்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் மண்வெட்டியைக் கராஜுக்குள் தேடிக்கொண்டிருப்பார். "பிள்ளை, இந்த முறை சம்மர் வெள்ளெனவே வரும்போல" என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் சொல்வார். வராது.

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஸ்காபுரோவில் மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனி வரலாம். 2020-இல் அன்னையர் தின வார இறுதியிலேயே ஸ்னோ தூறியது. அதனால்தான் விக்டோரியா தின லோங் வீக்கெண்டை, அதாவது மே 25-க்கு முந்திய திங்களோடு வருகிற வார இறுதியை, இங்கே தோட்டம் செய்கிறவர்கள் கணக்காக வைத்திருக்கிறார்கள். தக்காளிக்கு அந்தக் கணக்குச் சரி. எங்கள் கத்தரி, பாகல், பயித்தைக்கு அதுவும் கொஞ்சம் அவசரம். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கினால் கத்தரிக் கன்று உடனே சாகாது. கோபித்துக்கொண்டு வாரக்கணக்கில் வளராமல் நிற்கும். ஜூன் முதல் வாரம் வைத்த கன்று அதை முந்திவிடும்.

சரி, அதுவரைக்கும் வளவு சும்மா கிடக்கவேண்டுமா? என் ஆதங்கமே இதுதான். தோட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கத்தரியும் மிளகாயும் பாகலும்தான். எல்லாமே சூடு கேட்கிற பயிர்கள். அவற்றுக்காகக் காத்திருந்து, குளிரை விரும்புகிற பயிர்களுக்குரிய ஏப்ரலை அப்படியே விட்டுவிடுகிறோம். வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் ஏப்ரலில் போடவேண்டியவை. மல்லியை ஜூலை வெக்கையில் போட்டுப் பாருங்கள், இலை விடுவதற்கு முதல் பூவுக்கு ஓடிவிடும்.

வெந்தயத்துக்குத் தோட்டக் கடை விதை தேவையில்லை. குசினியில் இருக்கிற சமையல் வெந்தயமே போதும். இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளையாக மூக்கு நீட்டும். பாத்தியில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டால் சரி. கத்தரிக்கு ஒதுக்கிய அதே பாத்திதான். கத்தரிக் கன்று வெளியே வருகிற நேரம் வெந்தயம் சட்டிக்குப் போயிருக்கும். மல்லியை முழுதாகப் போடாமல், பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, இரண்டாகப் பிளந்து போடவேண்டும். ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கிறது.

ஆனால் மண்ணைக் கொத்துவதற்கு முதல் ஒரு சோதனை இருக்கிறது. இங்கே எங்கள் வளவில் களிமண். ஸ்னோ கரைந்த ஈரத்தோடு அதைக் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து, ஜூலையில் செங்கல்லோடுதான் மல்லுக்கட்டவேண்டும். அம்மா யாழ்ப்பாணத்து இணுவில் செம்மண்ணில் வளர்ந்தவர். தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சுகிற மண் அது. இந்த மண்ணை ஒரு பிடி அள்ளிப் பொத்தி, பெருவிரலால் குத்திப் பார்ப்பார். உதிர்ந்தால் கொத்தலாம். கொழுக்கட்டை மாதிரிப் பிடிபட்டு நின்றால், "இன்னும் ஒரு கிழமை போகட்டும்" என்று கையைக் கழுவப் போய்விடுவார். பையில் விற்கிற மாட்டெருவையும் இலைக் கொம்போஸ்டையும் வருசாவருசம் போட்டுப் போட்டுத்தான் இந்த மண் கொஞ்சமாவது வழிக்கு வந்திருக்கிறது.

கொத்தின பாத்தியைத் திறந்து விட்டால் அணில் சும்மா விடாது. ஊர் அணிலை நினைக்காதீர்கள். இங்கே உள்ளவை பூனைக்குட்டி அளவு, கறுப்பும் சாம்பலுமாக. புது மண்ணைக் கண்டாலே கிண்டும். கோழிக்கூட்டுக் கம்பிவலையை மேலே விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிடுகிறேன்.

வீட்டுக்குள் வேலை இதற்கு முதலே தொடங்கிவிடும். மிளகாய், கத்தரி விதையை மார்ச் தொடக்கத்தில் தட்டில் போடவேண்டும், தக்காளியை மார்ச் கடைசியில். மிளகாய்க்கு அடியில் சூடு வேண்டும். எங்கள் பேஸ்மெண்டில் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில்தான் அந்தத் தட்டு. முளை தெரிந்த உடனே லைட்டுக்குக் கீழே மாற்றவேண்டும். யன்னல் வெளிச்சம் மார்ச்சில் போதாது, கன்று வெளிறி நெட்டையாக ஓடும். லைட்டைக் கன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14, 16 மணித்தியாலம் எரியவிடலாம். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டின் அடியில் விடுவது நல்லது. மேல் மண் எந்நேரமும் ஈரமாக இருந்தால் தண்டு அடியில் அழுகிக் கன்று சரிந்துவிடும். சின்ன ஃபான் ஒன்றை மெதுவாகச் சுழலவிட்டால் அதுவும் குறையும், ஆட்டத்தில் தண்டும் தடிக்கும்.

பாகல் விதைக்கு ஓடு தடிப்பு. நகவெட்டியால் நுனியை மெல்லக் கத்தரித்து, இரவு ஊறவைத்து, ஈரப் பேப்பர் டவலில் சுற்றி, சிப் பையில் போட்டுச் சூடான இடத்தில் வைக்கவேண்டும். ஏப்ரல் கடைசிக்கு முதல் இதைத் தொடங்காதீர்கள். வேரை ஆட்டினால் அதற்குப் பிடிக்காது என்பதால் கடதாசிக் கோப்பையில் வைத்து, கோப்பையோடு மண்ணில் இறக்குகிறேன்.

மே வந்ததும் கன்றுகளை வெளியே பழக்கவேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெய்யில், ஒரு கிழமை பத்து நாள் இப்படி. காலையில் தூக்கி வெளியே வை, பின்னேரம் தூக்கி உள்ளே வை. முழங்காலுக்குத்தான் தெரியும் அந்தக் கஷ்டம்.

பயித்தைக்கு இந்தப் பாடு இல்லை. மண் நன்றாகச் சூடாகியதும் நேராகப் போட்டால் போதும்.

அம்மாவோடு நான் ஒத்துப்போகாதது அவரைக்காய் விசயத்தில் மட்டும். ஊரில் இருந்து வந்த கொடி அவரை விதையை ஒவ்வொரு வருசமும் எடுத்துத் தருகிறார். அது பகல் குறுகினால்தான் பூக்கிற சாதி. இங்கே ஜூனில் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். கோடை முழுக்க இலையாகவே வேலியை மூடி, செப்டெம்பரில்தான் பூவெடுக்கும். காய் முற்ற முதல் ஒக்டோபர் குளிர் வந்து எல்லாவற்றையும் கருக்கிவிடும். பகல் நீளத்தைப் பார்க்காமல் காய்க்கிற குத்தவரை இனங்கள் இருக்கின்றன. அந்த விதை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு மிளகாய்க் கன்று தருகிறேன். தட்டில் இந்த முறை தேவைக்கு மேலேயே முளைத்திருக்கிறது.