தலங்கமவில் ஓர் உழவு நாள்

கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கும் எங்களுக்கு வயல் என்றதும் கிளிநொச்சியும் மன்னாரும் நினைவுக்கு வருமே தவிர, பத்தரமுல்லையைத் தாண்டியதும் தலங்கமக் குளத்து நீர் பாயும் நெல்வயல்கள் இருப்பது நினைவில் எட்டுவதில்லை. இந்தச் சிறுபோகத்தின் முதல் உழவு நடந்த காலையில் அங்கே போய் வரம்பில் இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன்.

லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம் சேற்றைப் புரட்டிக்கொண்டு போக, அதன் சில்லுக்கு இரண்டு முழம் பின்னால் கொக்குகள் வரிசை பிடித்து நடந்தன. சற்று ஒதுங்கி நின்ற நத்தைகுத்தி நாரை ஒன்றை நெடுநேரம் பார்த்தேன். அதன் அலகுகள் நடுவில் பொருந்தாமல் சிறிய இடைவெளி விட்டிருக்கும். சேற்றிலிருந்து எடுத்த நத்தையை அது நீருக்குள்ளேயே அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை ஓட்டின் வாயை அடைக்கும் மூடியின் ஓரத்தால் நுழைத்து, சதையை அறுத்து வெளியே இழுத்தது. ஓடு உடையாமல் அப்படியே வரம்போரம் கிடந்தது. உழுத சேறும் கணுக்கால் அளவு நீரும் இல்லாவிட்டால் அந்த நாரைக்கு அங்கே வேலையில்லை.

பக்கத்து வயல் துண்டான கண்டம் பல போகங்களாக விதைக்கப்படாமல் கிடக்கிறது. கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்க, சிங்களத்தில் 'வெல் ஆத்தா' எனப்படும், வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்பின் ஈரநிலங்களை ஆக்கிரமிக்கும் மரமும் ஓரத்தில் வேர்விட்டிருந்தது. இப்படியான புதர்களும் வேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளில் இன்னும் உயிர்வாழும் மீன்பிடிப் பூனை பகலில் பதுங்கியிருக்க அடர்ந்த நாணலையே நாடும். விதைத்த வயலும் வளர்ந்த நாணலும் குளமும் தோட்டத்து மரங்களும் அடுத்தடுத்து இருப்பதால்தான் இந்தச் சிறிய பரப்பில் இத்தனை உயிர்கள் தங்குகின்றன. (ஊதாமுகக் குரங்குகள் பலா மரங்களில் தாவுவதை வரம்பிலிருந்தே காணலாம். இலங்கைக்கு வெளியே எந்தக் காட்டிலும் காணமுடியாத இனம் அது.)

ஆனால் தரிசாகக் கிடக்கும் கண்டத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஒருநாள் இரவோடிரவாக ஒரு டிப்பர் மண் கொட்டப்படும். கேட்பாரில்லை என்றால் மறுவாரம் இன்னும் பத்து. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. தலங்கமக் குளமும் சூழலும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டன. இவை நல்ல சட்டங்கள்தாம். எனினும் நிரப்பாதே என்று சொல்லும் சட்டத்தால் ஒருவரை இறங்கி உழவைக்க முடியாது. கூலி நகரத்து விலையில் இருக்கிறது. காணியோ நான்கைந்து வாரிசுகளுக்குப் பங்காகித் துண்டுபட்டிருக்கிறது. மேலே யாரோ ஒருவர் நிரப்பியதால் வடிகால் அடைபட்டு, கீழ்க் கண்டத்தில் பயிர் அழுகுகிறது. அன்று உழுதுகொண்டிருந்த முதியவர் சொன்னது இதைத்தான். அவருடைய இரு பிள்ளைகளும் கந்தோர் வேலைக்குப் போகிறார்கள்.

வயல் போனால் வெள்ளம் எங்கே போகும் என்பது எங்கள் வீட்டுக்கே தெரிந்த கதை. என் அக்கா குடும்பம் தரகர் ஒருவரின் பேச்சை நம்பி, நிரப்பிய வயல் என்று அறியாமல் நகரின் ஓரத்தில் காணி வாங்கியது. 2010 நவம்பர் மழையில், தியவன்னா ஓயாவின் நீர் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே புகுந்த அந்த நாளில், அக்கா வீட்டுக் குசினியில் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீர் தான் வழக்கமாகத் தங்கும் இடத்துக்கு வந்திருந்தது.

2018 ஒக்டோபரில் துபாயில் கூடிய, ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் மாநாட்டில், ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமையில் வயல்காரருக்கு உரிய பங்கு காசாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கருத்து. மழைநீரைத் தேக்கி நகரத்தைக் காக்கும் வேலையை அவர் கூலியின்றிச் செய்கிறார். ஏக்கர் கணக்கில் ஒரு கொடுப்பனவும், வடிகால்களை ஆண்டுதோறும் துப்புரவாக்கும் பொறுப்பும் அரசிடம் இருந்தால், உழுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

ஜப்பானின் தொயோஓக்கா நகரில் வயல்காரருக்குக் காசு சேர்வது வேறு வழியில் நடந்தது. அந்நாட்டின் கடைசிக் காட்டுப் பெருநாரை அங்கே 1971இல் இறந்தது. வளர்ப்பில் பெருக்கிய நாரைகளை 2005இல் மீண்டும் பறக்கவிட்டபோது, பூச்சிமருந்தைக் குறைத்து, தவளையும் மீனும் வாழ வயலில் நீரை நெடுநாள் நிறுத்தும் முறைக்கு விவசாயிகள் மாறியிருந்தார்கள். அந்த அரிசி நாரையின் பெயரிலேயே கூடிய விலைக்கு விற்கிறது.

தலங்கம அரிசிக்கு அப்படியொரு பெயர் இன்னும் வரவில்லை. எங்கள் மாடிக் கட்டடத்தில் ஆறு வீடுகளிடம் பேசினேன். சிவப்பரிசியை முதியவரிடமே நேரடியாக வாங்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முன்பணம் கொடுத்தபோது, அடுத்த பெரும்போகத்துக்குப் பக்கத்துத் தரிசுக் கண்டத்தின் பாதியையும் குத்தகைக்குக் கேட்டுப் பார்ப்பதாக அவர் சொன்னார். மற்றப் பாதி நாணலாகவே இருக்கட்டுமாம்; இரவில் அங்கே ஏதோ பெரிய பூனை நடமாடுகிறது என்றார்.