ஐந்தரைக்கு முந்திய பால்

"அஞ்சரைக்கு முந்தி ஊத்துத பாலு எந்த மாசத்துல விழும்ணே?" என்று எங்கள் மென்பொருள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கேட்டபோது, "அத டேட்டாபேஸ் பாத்துக்கிடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தப் பதில் தவறல்ல என்பதை எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துச் சங்கங்களின் பால் வரவுப் பதிவுகளை டேட்டாபேஸில் மாதத்துக்கொரு பார்ட்டிஷனாக, அதாவது தனித்தனிப் பகுதியாகப் பிரித்திருந்தோம். எல்லையை வெறும் 'ஆகஸ்ட் 1' என்று கொடுத்தால், போஸ்ட்கிரெஸ் என்ற எங்கள் டேட்டாபேஸ், பார்ட்டிஷனை உருவாக்கும் இணைப்பின் நேர மண்டலப்படி அதை அப்போதே கணக்கிட்டு உறுதியாக்கிவிடும். எங்கள் இணைப்பு, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்ததால், ஆகஸ்ட் பார்ட்டிஷன் நமக்கு ஒன்றாம் தேதி காலை 5.30 மணிக்குத்தான் தொடங்கியது. நேரத்தை நிபந்தனையாகக் கொடுத்துக் கேட்கும்வரை இதனால் ஒன்றும் கெடாது. பதிவு எந்தப் பார்ட்டிஷனில் கிடந்தாலும் வந்துவிடும்.

கெடுத்தவன் நான். பட்டுவாடாப் பட்டியல் மெதுவாக ஓடுகிறது என்று, பிற்பாடு ஒருநாள் நிபந்தனையை எடுத்துவிட்டு, அந்த மாதத்துப் பார்ட்டிஷனையே பெயர் சொல்லிக் கூட்டினேன். பட்டியலோ ஒன்றாம் தேதி பிறந்ததும் நள்ளிரவிலேயே ஓடி முடிந்துவிடும். விடிவதற்குள் ஊற்றிய பால் அதற்குப் பிறகு போன மாதத்தில் போய் விழுந்து, எந்த மாதக் கணக்கிலும் வராமல் போகும். மாதத்துக்கு ஒரே ஒரு காலை, அதுவும் முதல் ஆளாக வந்து நிற்பவர்களுக்கு மட்டும். செயலாளர் அனுப்பிய படத்தில் ஒரு அம்மாளின் சீட்டு இருந்தது: ஒன்றாம் தேதி, 4.52 மணி, 6.2 லிட்டர், கொழுப்பு 4.1, ஓரத்தில் பால் பட்டு மை கலங்கியிருந்தது.

எல்லையில் இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்த்துப் புதிய பார்ட்டிஷன் போட்டால், பழையதோடு ஐந்தரை மணி நேரம் மோதுகிறது என்று மறுத்துவிட்டது. ஆகவே, ஒரு மாதத்தை மட்டும் 5.30க்குத் தொடங்கி நள்ளிரவில் முடித்தேன். விட்டுப்போன தொகையை அடுத்த பட்டுவாடாவில் 'இதர வரவு' என்று சேர்த்தோம். காரணத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் குறுக்குவழிதான் காரணம், அவள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சில நாள் தோன்றும். அவள் வீட்டிலும் மாடு உண்டு, விடியுமுன் பால் கொண்டுபோய் ஊற்றிப் பழகியவள் என்று பிறகு தெரிந்தபோது அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அவளிடம் இதுவரை நான் பேசவில்லை. அவள் எழுத்திலும் பதிந்திருந்த அந்தக் கேள்வியின் கீழே, 'தீர்ந்தது' என்று நான் குறித்து மூடியது அப்படியே இருக்கிறது.